சாப்பாட்டுக்குப் போட்ட கையெழுத்து

அரசாங்க விளக்கக் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு பட்டியல், பக்கத்தில் சாப்பாட்டுப் பொட்டலங்கள். பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. மூன்றும் எழுதினால்தான் பொட்டலம் கைக்கு வரும். வந்தவர்கள் எத்தனை பேர் என்று அலுவலகத்துக்குக் காட்ட வேண்டுமே, அதற்காக. அமைச்சரின் அலுவலகத்தில் ஒப்பந்த வேலையில் இருந்த வருடங்களில் இப்படி எத்தனையோ பட்டியல்களை நீட்டியிருக்கிறேன். எதற்கு என்று கேட்டவள் ஒருத்திதான். அவள் என் அக்கா.

அக்காவும் அத்தானும் கிள்ளானில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பிசாங் கோரேங் கடை வைத்திருக்கிறார்கள். வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார்கள், கூடவே பருப்பு வடை. அந்த வரிசையில் நாற்பது கடைகள். அந்த நிலத்தில்தான் எங்கள் அமைச்சு ஒரு சரக்கு மையம் கட்டத் திட்டம் போட்டது. இந்த வட்டாரத்தின் தலையெழுத்தையே மாற்றும் திட்டம் என்று அமைச்சரின் உரையில் எழுதியவள் நான்தான். பொய்யென்று நினைத்து எழுதவில்லை. வேலை வரும், படித்த பிள்ளைகள் பெட்டாலிங் ஜெயாவுக்கு ஓட வேண்டியிருக்காது என்று நம்பினேன். ஆனால் கடைக்காரர்களுக்குக் காட்டிய மாற்று இடம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே பஸ் நிற்காது. ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் பெண்கள் வடைக்காக நெடுஞ்சாலையைத் தாண்டிப் போவார்களா என்ன?

அதை விளக்கத்தான் அந்தக் கூட்டம். நான் மேசையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா கடையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு குனியாமல் நின்றாள்.

“இது எதுக்கு?”

“அட்டென்டன்ஸுக்குக்கா. சாப்பாடு குடுக்கணும்ல.”

“அப்பா தோட்டத்துல இப்படித்தான் ஒரு தாள்ல போட்டாரு. வீடு போச்சு.”

அவளுக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. எனக்கு எரிச்சல். சொந்த அக்காவே எல்லார் முன்னாலும் என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறாளே என்ற எரிச்சல்.

“நான்தானே உக்காந்திருக்கேன். போடுக்கா. உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்.”

போட்டாள். அவள் தமிழில்தான் கையெழுத்துப் போடுவாள். கட்டை விரலிலிருந்த எண்ணெய் அந்த வரியில் வட்டமாக ஊறிவிட்டது. பின்னால் நின்ற யாரும் அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. அமைச்சர் ஆபிஸ் பொண்ணோட அக்காவே போட்டுட்டாங்க என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

அமைச்சரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒய்பி என்றுதான், அதாவது மாண்புமிகு என்று, அவரை அழைப்போம். அவர் முதல் தவணை எம்பியாகப் பின்வரிசையில் இருந்தபோது, எங்கள் அப்பாவைப் போல் ரப்பர் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட தொழிலாளர்களுக்காக மக்களவையில் எழுந்து நின்றவர். “எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டோம் என்று அவர்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். எங்கள் அப்பா அதைத் தொலைக்காட்சிச் செய்தியில் பார்த்துவிட்டு, சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பல வருடம் கழித்து அந்த எம்பி அமைச்சரானதும், நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

கூட்டம் முடிந்து சில வாரங்களில் எங்கள் அமைச்சின் மீது மக்களவையில் விவாதம் நடந்தது. எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர் ஒருவர், “கடைக்காரர்கள் சம்மதித்தார்களா? எழுத்தில் இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். மறுநாள் காலை அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். அதிகாரிகளுக்கென்று ஓரமாக இருக்கைகள் உண்டு. அமைச்சர் பேசும்போது திடீரென்று ஏதாவது கேட்டால், நாங்கள் சீட்டில் பதில் எழுதிச் சபைப் பணியாளர் கையில் கொடுத்தனுப்புவோம். வாட்ஸ்அப் வந்த பிறகும் எங்கள் அமைச்சருக்குச் சீட்டுதான். பேச எழுந்துவிட்டால் போனைத் தொடமாட்டார். சீட்டில் மூத்த அதிகாரியின் சுருக்கொப்பம் இருக்க வேண்டும் என்பது எங்களுக்குள் விதி.

மறுநாள் அமைச்சர் பதிலுரையின் மூன்றாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். நான் கோப்பின் இணைப்புகளைப் புரட்டினேன். “சம்மதம் தெரிவித்த வணிகர்கள்” என்று மலாயில் புதிதாக அச்சடித்த ஒரு மேல்தாள். அதற்கடியில் பெயர்கள். பக்கத்தின் நடுவில், நகலிலும் மறையாத ஒரு எண்ணெய் வட்டம்.

அக்காவின் வரிதான் அது. ‘வருகைப் பட்டியல்’ என்று நான் தலைப்பெழுதிய முதல் தாளைக் காணவில்லை. உரையின் ஒன்பதாம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். திட்டப் பிரிவு எழுதியது. எல்லா வணிகர்களும் எழுத்துப்பூர்வமாகச் சம்மதித்துவிட்டார்கள் என்று இருந்தது. அமைச்சர் அதை வாயால் சொல்லிச் சபைக் குறிப்பில் ஏறிவிட்டால் முடிந்தது. அடுத்து நோட்டீஸ்தான் வரும். அக்கா எந்தக் கதவைத் தட்டினாலும் அவள் கையெழுத்தையே எடுத்துக் காட்டுவார்கள்.

பக்கத்தில் திட்டப் பிரிவின் மூத்த அதிகாரி இருந்தார். தமிழர்தான். இணைப்பை அவர் மடியில் வைத்தேன்.

“சார், இது அட்டென்டன்ஸ் லிஸ்ட். நான்தான் வாங்கினேன்.”

அவர் நிமிரவே இல்லை. “வந்தாங்க, கேட்டாங்க, சாப்பிட்டாங்க. யாரும் எந்திரிச்சு வேணான்னு சொல்லல. அது சம்மதம்தான் லா.”

“சாப்பாட்டுக்குப் போட்டது சார்.”

“மெதுவா பேசுமா. மைக் இருக்கு.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே சோற்றைக் காட்டியே மறைத்துவிட்டார்கள், சோற்றைப் பரிமாறியவள் நான். அமைச்சர் ஐந்தாம் பக்கத்துக்கு வந்துவிட்டார். நான் சீட்டில் மலாயில் எழுதினேன்: ‘பக்கம் ஒன்பது உண்மையல்ல. அது வருகைப் பட்டியல். வாங்கியது நான்.’ சுருக்கொப்பத்துக்கு நீட்டினேன். மூத்த அதிகாரி கையைக் கட்டிக்கொண்டார். நானே என் சுருக்கொப்பத்தைப் போட்டுப் பணியாளரைக் கூப்பிட்டேன். அந்த மனிதர் அவைக்குத் தலை வணங்கி, ஓரமாகவே நடந்து, வழியில் இன்னொருவரின் சீட்டையும் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு எழுந்து ஓடிப்போய்ப் பிடுங்கலாம்போல் இருந்தது. ஏழாம் பக்கத்தில் சீட்டு அமைச்சரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. படித்தார். இரண்டாக மடித்துத் தண்ணீர்க் குவளைக்கு அடியில் வைத்தார்.

ஒன்பதாம் பக்கம் வந்தது. அந்த வரியை அவர் படிக்கவில்லை. நான் மூச்சு விட்டேன். உடனே அந்தப் பெண் உறுப்பினர் எழுந்து, “எழுத்தில் இருக்கிறதா, இல்லையா?” என்றார்.

அமைச்சர் இணைப்பை எடுத்துத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினார். “கையெழுத்துகள் என்னிடம் இருக்கின்றன” என்றார். அவர் பக்கத்தார் மேசையைத் தட்டினார்கள்.

வெளியே நடைபாதையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபப்படவில்லை.

“உன் சீட்டைப் பாத்தேன். சம்மதம்னு நான் ஒரு வார்த்தை சொன்னேனா? கையெழுத்து இருக்குன்னேன். இருக்குதானே?”

“எதுக்குப் போட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே சொன்னீங்க, ஒய்பி.”

“கேள்வி கேட்டுக் கேட்டு எத்தனை வருஷம் போச்சு தெரியுமா? ஒரு செங்கல் நகரல. இப்பத்தான் எதையாவது கட்ட முடியுது. இது உனக்குப் புரியும்.”

புரிந்தது. அதனால்தான் கோபம் தலைக்கேறியது. அப்பா தொலைக்காட்சியில் பார்த்த, அவருடைய அந்தப் பழைய கேள்வியை அவருக்கே ஞாபகப்படுத்த வேண்டும் என்று வாயெடுத்தேன். நானே அக்காவின் கையில் பேனாவைத் திணித்தவள் என்ற நினைப்பு வந்து தடுத்தது. வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில்தான் என் வீடு. அன்று வீட்டுக்குப் போகாமல் நேராக ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். வழி நெடுக, அக்காவிடம் எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்தேன். தேவையே இருக்கவில்லை. கடையில் அத்தானின் போனில் அமைச்சர் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டும் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடி நின்றாள்.

“அது என் லிஸ்டுதான்க்கா,” என்றேன். “மேல்தாளை மாத்திட்டாங்க.”

“எண்ணெய்க் கறை தெரியுது,” என்றாள். “நீ சொன்னதுக்காகத்தான் போட்டேன். எனக்குப் பின்னால அத்தன பேரும் நான் போட்டதுக்காகப் போட்டாங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு, துணியில் கையை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கல்லாப்பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அந்தக் காட்சியைப் பார்த்ததுமே கடைக்காரர்கள் சேர்ந்து அந்தப் பெண் உறுப்பினருக்கு எழுதிய கடிதம். கீழே, அது சாப்பாட்டுக்கு வாங்கிய வருகைப் பட்டியல்தான் என்று அதை வாங்கிய அதிகாரி உறுதி சொல்வதற்கென்று நான்கு வரிகள், கையெழுத்துக்கு ஒரு கோடு.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதம் சபையில் வாசிக்கப்பட்டது. திட்டம் மறு ஆய்வுக்குப் போனது, இன்னும் அங்கேதான் இருக்கிறது. கடைகளும் இருக்கின்றன, நாளைக்கு என்னவென்று யாருக்கும் தெரியாது. என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அமைச்சர் இன்னும் அமைச்சர்தான்.

அன்று மாலை நான் பேனாவை எடுத்ததும் அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இரு. படிச்சுக் காட்டுறேன்.”

“நான் படிச்சுக்குவேன்க்கா.”

“உக்காரு.”

உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, கடன் பத்திரத்தை வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். நான்கு வரியையும் முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“இது அந்தம்மாகிட்ட போகும். உன் பேர் சபையில வரும். வேலை போயிரும். எதுக்குப் போடுறன்னு தெரிஞ்சுதானே போடுற?”

“தெரியும்.”

அதற்கப்புறம்தான் தாளை என் பக்கம் தள்ளினாள். போட்டேன். அவள் மை காயும்வரை ஊதி, மடித்துக் கல்லாவில் வைத்தாள். பிறகு அடுப்பைத் தூண்டி, இரண்டு பழத்தைப் பொரித்துத் தட்டில் வைத்து என் முன்னால் தள்ளினாள்.

“கையெழுத்துப் போட்டாச்சுல்ல,” என்றாள். “இப்ப சாப்பிடு.”