கறுப்புக் கட்டத்துக்குள் உயிரோடு இருந்தவர்கள்

பேப்பர் விற்பவனும் செய்தி அனுப்புபவனும் ஒரே ஆளாக இருந்தால், ஊராரிடம் திட்டு வாங்க இரண்டு முதுகு வேண்டும். கோலாலம்பூரில் அச்சான ஒரு தமிழ் நாளிதழுக்கு, மலாக்காவின் காஜா பெராங் வட்டாரத்தில் நான்தான் ஏஜெண்டு, நான்தான் நிருபர். இந்தத் தொழிலில் அடிபட்டவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

படகுப் படம்

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த புதிது. பகாங் மாநிலத்தில் பெரிய வெள்ளம். எங்கள் வரிசை வீட்டுச் செல்லம்மாவின் புருஷன் வீரன், லோரியில் கருவாடு ஏற்றிக்கொண்டு அங்கேயுள்ள தெமர்லோவுக்குப் போனவன். ஐந்து நாளாகத் தகவலே இல்லை. மத்தியான பஸ்ஸில் பேப்பர் கட்டு இறங்கும்போது, எனக்கு முன்னால் செல்லம்மா கைக்குழந்தையோடு நிற்பாள்.

அன்றைக்கு முதல் பக்கம் முழுக்க, படகில் போய் வெள்ளத்தைப் பார்வையிட்ட அமைச்சரின் படம். மாட்டிக்கொண்டவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அவள் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "படகுல போனவரு பத்திரமாத்தானே இருக்காரு. லோரியில போனவரப் பத்தி என்னண்ணே போட்டிருக்கு?"

ஆபீஸ் உத்தரவு

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பட்டியல் கிடைத்தது. தெமர்லோ பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும் மலாக்காக்காரர்கள் பதினொரு பேர். மூன்றாவது பெயர் வீரன். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உடனே ஆபீசுக்குப் போன் போட்டுப் பெயர்களை வாசித்தேன். செல்லம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன். துணையாசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ இன்னிக்கே ஊரெல்லாம் சொல்லிட்டா, நாளைக்குப் பேப்பர எவன்யா வாங்குவான்?"

கட்டம்

நானும் வாயை மூடிக்கொண்டேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் பஸ் எனக்கு முன்னால் வந்துவிட்டது. நான் போய்ச் சேரும்போது செல்லம்மா தரையில் விழுந்து கதறிக்கொண்டிருந்தாள். பேப்பரில் பதினொரு பெயர்களையும் சுற்றித் தடித்த கறுப்புக் கோடு. பெயர்ப் பட்டியல் என்றாலே மரண அறிவிப்புதான் என்று பழகிப்போன அச்சுக் கோப்பவர், கை போன போக்கில் அந்தக் கட்டத்தையே போட்டிருக்கிறார். மேலே பொடி எழுத்தில் 'பத்திரமாக உள்ளோர்' என்று இருந்தது. அதை யார் வாசித்தார்கள்? கோட்டைப் பார்த்ததுமே பஸ் ஸ்டாண்டில் ஒப்பாரி தொடங்கிவிட்டது.

"வீரன் உயிரோட இருக்கான்! எனக்கு நேத்தே தெரியும்!" என்று கத்தினேன். அவள் அழுகை சட்டென்று நின்றது. "நேத்தே தெரியுமாண்ணே?"

திருத்தம்

ஆபீசோடு சண்டை போட்டுத் திருத்தம் வாங்கினேன். அதுவும் வந்தது, அதே கறுப்புக் கட்டத்துக்குள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

வெள்ளம் வடிந்ததும் வீரன் வந்தான். லோரியை விட்டு இறங்கி, இரண்டு பேப்பரையும் என் மேசைமேல் போட்டான். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ரெண்டு தடவ என்னைச் சாகடிச்சீங்க. உயிரோட இருக்கேன்னு ஒரு தடவ கதவத் தட்டிச் சொல்ல முடியலியாண்ணே?"

என் வீட்டிலிருந்து நாலாவது கதவுதான் செல்லம்மா வீடு. அந்தச் செய்தியை நான் கோலாலம்பூர் வழியாக அனுப்பியிருந்தேன்.