ஜெகதீஸ்வரியக்கா கழற்றிய ஸ்டியரிங்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த பிரெஞ்சு பேசும் நகரத்தில், செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தவர் ஜெகதீஸ்வரியக்கா. திருகோணமலையில் மீன் லொறி ஓட்டியது அவருடைய கணவர் யோகராசா அண்ணை; அதைத் திருத்தித் திருத்தி ஓட வைத்தது அக்கா. இங்கே வந்தபின் அண்ணை புவாண்ட்-கிளேரில் பண்டகசாலை வேலைக்குப் போக, அக்கா மர்செல் என்பவரின் கராஜில் சேர்ந்தார். மர்செலிடம் ஒரு பந்தயக் காரும் இருந்தது. அதை ஓட்டியவன் அவருடைய மகன் லூக்.

"பொம்பிளைக்கு ஏன் உந்த வேலை?" என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அக்கா அதை மூடப் பார்க்கவுமில்லை. முதல் கோடையில் டயர் உருட்டினார். பிறகு பிரேக் அவர் கைக்கு வந்தது, அதற்குப் பிறகு எஞ்சின். 1996இல் பழைய சீஃப் விலகியதும் தானே போய் அந்த இடத்தைக் கேட்டார். காரைத் தயார்படுத்துவது, ஓடும்போது ரேடியோவில் சாரதியோடு பேசுவது, எப்போது உள்ளே கூப்பிடுவது என்று முடிவெடுப்பது எல்லாம் சீஃப்தான். மர்செல் நாடியைச் சொறிந்தார். ஒரேயொரு பந்தயம் தருவதாகவும், முதல் ஐந்துக்குள் வந்தால் அந்த இடம் அக்காவுக்கே என்றும் சொன்னார்.

நாங்கள் சும்மா இருப்போமா? பந்தய நாளான ஞாயிறு மத்தியானம் இரண்டு வான் நிறைய ஆட்களும் ஒரு பெட்டி வடையுமாக, சோளத்தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஓடுதளத்தில் போய் இறங்கினோம். முதல் நாள்வரை அக்காவைப் பற்றிப் புறணி சொன்ன கிளியக்காதான் வானில் முன் சீட்டில் இருந்தார். கார்களைத் திருத்தும் இடத்தின் வேலியோரமாக நானும் யோகராசா அண்ணையும் நின்றோம்.

லூக் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தான். பின்னால் வந்த கார் தட்டியதில் சுவரில் போய் மோதினான். மஞ்சள் கொடி காட்டி எல்லாக் கார்களையும் மெதுவாக்க, அவன் காரை உள்ளே கொண்டுவந்தான். அக்கா நசுங்கிய தகட்டை அடித்து நிமிர்த்தி, டயரை மாற்றுவித்து, கீழே படுத்து எல்லாம் பார்த்து எழும்பினார். கார் நல்லாயிருக்கிறது என்றார். "அப்ப விடு!" என்று மர்செல் கத்தினார்.

அக்கா விடவில்லை. ஏனென்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது: மோதிய கையோடு லூக் ரேடியோவில், எத்தனை சுற்று மிச்சம் என்று கேட்டிருக்கிறான். அக்கா சொல்லியிருக்கிறார். சொல்லி வாய் மூடுமுன் அதையே திரும்பக் கேட்டிருக்கிறான். அக்கா ஜன்னலுக்குள் கையை விட்டு ஸ்டியரிங்கைக் கழற்றி எடுத்தார். பந்தயக் காரில் சாரதி ஏறி இறங்குவதற்காக அது கழன்று வரும். எடுத்ததை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்.

"என்ன செய்யிறா இவ? எல்லாரும் பாக்கினம்," என்றார் அண்ணை. எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு தூரம் வந்தது இதைப் பார்க்கவா?

மர்செல் சிவந்துபோனார். "கார் நல்லாயிருக்கெண்டு நீதானே சொன்னாய்?"

"கார் நல்லாத்தான் இருக்கு. லூக் நல்லா இல்லை," என்றார் அக்கா, தன் அரைகுறைப் பிரெஞ்சில்.

"தலையில சின்ன அடி. தண்ணி குடிச்சால் சரியாகும். ஸ்டியரிங்கைத் தா. இல்லாட்டி நீ சீஃப் இல்லை."

"சரி," என்றார் அக்கா. கொடுக்கவில்லை.

பந்தயம் மறுபடி தொடங்கப் பச்சைக் கொடி விழுந்தது. மற்றக் கார்கள் எங்களைக் கடந்து பறந்தன. மர்செல் ஸ்டியரிங்கைப் பறிக்கக் கையை நீட்டிக்கொண்டு போனார். அப்போது காருக்குள்ளிருந்து லூக் சாதாரணமாகக் கேட்டான்:

"அப்பா, பந்தயம் எப்ப தொடங்கும்?"

மர்செலின் கை அப்படியே நின்றது. பிறகு போய், மகனின் இருக்கைப் பட்டிகளைத் தன் கையாலேயே அவிழ்த்து அவனை வெளியே தூக்கினார். அக்கா காதில் போட்டிருந்த ரேடியோவைக் கழற்றி அவரிடம் நீட்டினார். முதல் ஐந்து என்ற பேச்சுத்தான் முடிந்துவிட்டதே. அழக்கூடாது என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது வேலிவரை தெரிந்தது.

மர்செல் ரேடியோவை வாங்கவில்லை. "வாற ஞாயிறு ஓட வேற ஆள் வேணும்," என்றார். "ஆரெண்டு நீதான் சொல்ல வேணும்."

"அது பேந்து பாப்பம்," என்றார் அக்கா. "முதல்ல பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. காரை நான் பாக்கிறன்."