என் கலனில் மட்டும் பொறி

தேனியில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் ஒரே மாதிரி இரண்டு வெற்றிடக் கலன்கள். காற்றை உறிஞ்சிவிட்டு உள்ளே உயர் மின்னழுத்தம் ஏற்றுவோம். உடன் வேலை பார்க்கும் ஜெயந்தியின் கலன் அமைதியாக இருக்கும். என்னுடையதில் மட்டும் பொறி பறக்கும். எனக்கு வயிறு எரிந்தது. தினமும் சின்னமனூரில் பஸ் ஏறுமுன், அவளை முந்த வேண்டும் என்று கோயிலில் வேண்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசினேன். பொறி கூடியதே தவிர குறையவில்லை.

ஒருநாள் அவளே வந்து என் கலனுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

“அண்ணே, இது உங்க நெத்தித் திருநீறுதேன். மூடியத் தொறந்து குனிஞ்சு பாக்கையில உள்ள உதிருது. வோல்டேஜ் ஏத்தவும் துகளெல்லாம் சார்ஜாகிப் பறந்து பொறி தட்டுது. இருங்க, தொடச்சுத் தாரேன்.”

துடைத்ததும் கலன் அடங்கியது. அதையும் அவளே கண்டுபிடித்தாளே என்று எனக்குத்தான் அடங்கவில்லை.

மறுநாள் திருநீறு வாங்கியபோது கை கூசியது. இத்தனை நாளும் நான் அள்ளிப் பூசியது பொறாமையைத்தான்.