நான் சொன்ன திருமுகம்

என் பெரியப்பா ஸ்ரீரங்கத்துப் பெருமாளைக் கண்ணை மூடிக்கொண்டுதான் சேவிப்பார். ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு, சன்னிதிக்குள் கால் வைத்ததும் கண்ணை இறுக மூடிக்கொள்கிற வேறொருவரை நான் கண்டதில்லை.

அவர் மலைக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். வீட்டுக் கூடத்தில், சுவர் நீளத்துக்கு ஒரு கான்வாஸில், பள்ளிகொண்ட பெருமாளை வரைந்துகொண்டிருந்தார். குளித்து, சந்தியாவந்தனம் முடித்து, திருமண் இட்டுக்கொண்ட பிறகே பிரஷ்ஷைத் தொடுவார். பன்றி முடி பிரஷ் பெருமாள் மேல் படக்கூடாது என்று, அத்தனை பெரிய திருமேனியையும் மெல்லிய அணில் முடி பிரஷ்ஷாலேயே தீட்டினார். பெருமாளே ஒருமுறை பன்றியாக வந்தவர்தானே என்று நான் கேட்டபோது, அணில் முடி பிரஷ்ஷை இன்னொரு தரம் அலம்பித் துடைத்தார். ஆதிசேஷனின் ஒவ்வொரு செதிலும் ஈரமாக மினுங்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். முகம் மட்டும் வெறும் துணியாக இருந்தது.

காரணத்தைப் பெரியம்மா சொன்னாள். "சேவிக்கப் போன எடத்துல, தாடைல விழற நிழலை அளந்துண்டு நின்னாராம். கை கூப்பவே மறந்துடுத்தாம். அன்னிலேர்ந்து இப்படித்தான்."

பக்தியையும் விட முடியவில்லை, படத்தையும் விட முடியவில்லை. நான் லீவுக்கு வந்திருந்தபோது, தன் விரதத்தில் அவரே ஒரு சந்து கண்டுபிடித்தார். எனக்கு அப்போது எட்டு வயது.

"நீ நன்னா சேவிச்சுட்டு வந்து சொல்லும்மா. நான் பாக்கலை, நீதான் பாக்கறே."

சன்னிதியில் எனக்கு முன்னால் முதுகுகள்தான் தெரிந்தன. அர்ச்சகர் திருவடியில் தீபத்தைக் காட்டி மெல்ல முகத்தை நோக்கி நகர்த்தியபோது, நான் எதற்கோ பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்து தாடையில் நின்றது. புருவங்கள் லேசாக உயர்ந்திருந்தன. உதட்டில் இருக்கிறதா இல்லையா என்று ஒரு சிரிப்பு. தினமும் மோர் சாதம் சாப்பிடுகிற அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை என்று தோன்றியது. "நகருங்கோ, நகருங்கோ" என்ற குரல் எங்களை வெளியே தள்ளியது. நான் பெருமாளைப் பார்க்கவே இல்லை.

வெளியே வந்ததும் என் முன் குனிந்து, "திருமுகம் எப்படிடி இருந்தது?" என்றார்.

பார்க்கவில்லை என்று சொல்லப் பயம். பார்த்ததைச் சொன்னேன். மறுநாளிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து, புருவம் இன்னும் மேலே, கன்னத்தில் இன்னும் பள்ளம் என்று அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே திருத்தினேன். கான்வாஸை விட்டுக் கண்ணை எடுக்காததால் அவர் கவனிக்கவில்லை.

பத்தாம் நாள் படம் முடிந்தது. பார்க்க வந்த எதிர்வீட்டு மாமி அப்படியே விழுந்து சேவித்தாள். பெரியம்மாதான் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன்னா, இது உங்க முகமான்னா இருக்கு" என்றாள்.

பெரியப்பா கண்ணாடி முன்னால் போய் நின்றார். திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார்.

"இத்தனை நாளா என்னையேதான் சேவிச்சிண்டிருந்திருக்கேன்" என்றார்.

அன்றே படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். பிரஷ்களைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். அப்புறம் சன்னிதியில் கண்ணைத் திறந்தே நின்றார். அளப்பதற்கு அவரிடம் எதுவும் மிச்சமில்லை. நானோ, மாட்டிக்கொள்ளாமல் தப்பித்த சந்தோஷத்தில் இருந்தேன்.

அவர் போன பிறகு படம் கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்கு வந்தது. இன்றும் அதன் முன்னால் நிற்கும்போது என் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது. அது அவர் கர்வத்தின் முகம் இல்லை, தன்னை மறந்து பெருமாள் முன் நின்றவரின் முகம். அன்றைக்கே அதை அவரிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதுமாயிருந்திருக்கும். எட்டு வயதில், நான் சொன்னது பொய் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது.