வறுவல் கடையில் சலூன்காரர்

முறை தப்புவது சலூன்காரருக்கு அறவே பிடிக்காது. அவர் கடைக்கு யார் வந்தாலும் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். சொந்த மச்சான் தன் கல்யாணத்தன்று காலையில் வந்து கெஞ்சியும் அவர் மசியவில்லை. அந்தக் கோபத்தில் மச்சான் இன்னமும் வேறு கடையில்தான் முடி வெட்டிக்கொள்கிறான்.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் இப்போது வறுவல் வண்டியின் முன்னால் மாட்டிக்கொண்டு விழித்தார். ஒரு தள்ளுவண்டி, ஒரு கடாய், அதைச் சுற்றி ஊரே நின்றது. வரிசை கிரிசை எதுவும் கிடையாது. யார் கத்துகிறாரோ அவருக்குத்தான் பொட்டலம். இவருக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் வாங்கித் தின்று விரலையும் நக்கிவிட்டுப் போயாயிற்று.

"அண்ணே, நான் ரொம்ப நேரமா நிக்கிறேன்."

கடைக்காரர் தலையைத் தூக்கவில்லை. "சத்தமாச் சொல்லணும்ணே. இங்க வந்து மௌன விரதம் இருந்தா எப்படி?"

வந்த எரிச்சலுக்கு அப்படியே திரும்பிப் போயிருப்பார். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக மனைவி எதைக் கொடுத்தாலும் இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிடுகிறாள். எதையாவது சாப்பிட்டால் போதும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். கெஞ்சியும் பார்த்தாயிற்று, திட்டியும் பார்த்தாயிற்று. இன்றைக்குத்தான் அவளாக வாயைத் திறந்து, "அந்த வண்டிக்கடை உருளைக்கிழங்கு வறுவல் கிடைக்குமா?" என்றாள். வெறுங்கையோடு போனால் அந்த ஆசையும் செத்துவிடும் என்று அவருக்குப் பயமாக இருந்தது.

"இதோட முடிஞ்சது! கடைசிப் பொட்டலம்!" என்று கடைக்காரர் கூவினார்.

கூட்டம் முட்டி மோதியது. சலூன்காரர் முன்னால் நின்ற பிடரிகளைப் பார்த்தார். எல்லாம் அவர் கத்தரித்த பிடரிகள்! என் பெஞ்சில் பூனை மாதிரி உட்காருகிற பயல்களுக்கு இங்கே வந்தால் என்ன பாய்ச்சல்! வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கைதான் தானாக நீண்டு, முன்னால் நின்றவரின் பிடரியில் இரண்டு விரலை வைத்து லேசாக அழுத்தியது.

தலை சட்டென்று குனிந்தது. அடுத்த பிடரியைத் தொட்டார், அதுவும் குனிந்தது. "ஆடாதீங்க" என்று பழக்கதோஷத்தில் முணுமுணுத்துக்கொண்டே முன்னேறினார். குனிந்தவர்கள் நிமிர்வதற்குள் கடைசிப் பொட்டலம் அவர் கையில் இருந்தது.

"என்னண்ணே, நீங்களே முறை தப்பலாமா?" என்றார் பின்னாலிருந்து தபால்காரர். சலூன்காரருக்கு அவமானத்தில் காது சுட்டது. நடையைக் கட்டினார்.

வீட்டில் மனைவி பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டாள். எப்போது தள்ளிவிடுவாளோ என்று அவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். காகிதத்தில் ஒட்டியிருந்த உப்பையும் தொட்டு நக்கிய பிறகுதான் அவள் நிமிர்ந்தாள்.

"ஐயோ, உங்களுக்கு ஒண்ணுகூட வைக்கலையே."

"நான் அங்கேயே தின்னுட்டேன்" என்று கூசாமல் பொய் சொன்னார்.

"நாளைக்கும் வாங்கிட்டு வாங்க. உப்பு மட்டும் கொஞ்சம் கம்மியாப் போடச் சொல்லுங்க."

"உப்பு கம்மியாவா! அங்க ஒரு பொட்டலம் வாங்குறதுக்கே..." என்று எகிறியவர், காலியான காகிதத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். "சரி, சொல்றேன்" என்று சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, "அண்ணே, உப்பு கம்மியா ஒண்ணு!" என்று ஒருமுறை கத்திப் பார்த்தார்.