இருபது பேரை அடித்தும் கசங்காத சட்டை

படம் பார்ப்பதைவிட, அதன் டிரெய்லருக்குக் கீழே மக்கள் எழுதும் கமெண்ட்டுகளைப் படிப்பதுதான் எனக்குப் பிடிக்கும். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர் நான். வகுப்பில் நான் சிரித்து ஒரு பிள்ளையும் பார்த்ததில்லை. அதனால் இதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

எப்படித்தான் இந்த ஜனங்களுக்கு இரண்டே வரியில் இத்தனை வருகிறதோ! ஒரு சோகப் பாட்டுக்குக் கீழே ஒருவர், "இந்தப் பாட்டைக் கேட்டு அழறதுக்காகவே ஒரு பொண்ணை லவ் பண்ணேன்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர், "அவங்க இப்போ என்ன பாட்டு கேக்குறாங்க அண்ணா?" முடிச்சூர் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்திலிருந்த அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். நாற்பது நிமிஷம் தொண்டை கிழியப் பாடம் நடத்தும் எனக்கு, முகம் தெரியாத இவர்கள்மேல் அவ்வளவு மரியாதை.

நானும் எழுதுவேன். பொய்ப் பெயர், ஒரு பூப்படம். வீட்டில் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். பெரிய கதாநாயகன் ஒருவரின் புதுப்பட டிரெய்லர் வந்திருந்தது. மனிதர் இருபது பேரைப் புரட்டியெடுக்கிறார், வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. எனக்குக் கை சும்மா இருக்குமா? "இருபது பேரை அடிச்சும் சட்டை கசங்கல. ஒருநாள் காலையில தாம்பரம் லோக்கல் ட்ரெயின்ல ஏறட்டும், பட்டனாவது மிஞ்சுதான்னு பார்ப்போம்" என்று எழுதிவிட்டுத் தூங்கிப்போனேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டீயோடு உட்கார்ந்து, எத்தனை லைக் வந்திருக்கிறதென்று ஆசையாகத் திறந்தேன். என் கமெண்ட் இருந்தது. பக்கத்தில் பூ இல்லை, என் மகளின் முகம் இருந்தது. பெயரும் அவளுடையதே.

அவள் பொத்தேரியில் தோழிகளோடு ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிறாள். அந்த வாரம் வீட்டுக்கு வந்தபோது ஏதோ வீடியோ காட்ட என் போனில் தன் கணக்கைத் திறந்தவள், மாற்றாமலே போய்விட்டாள். நானும் பார்க்கவில்லை. மூடச் சிறுக்கி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கீழே ரசிகர்கள் வரிசையாக வந்திருந்தார்கள். படிக்கக் கூசும் வார்த்தைகள். அவள் பக்கத்தில் காலேஜ் பெயரைப் பார்த்துவிட்டு ஒருவன், "பொத்தேரி காலேஜா? நேர்லயே வந்து பாக்குறோம்" என்று எழுதியிருந்தான். நான் விளையாட்டாக எழுதியதற்கு என் பெண் அடிபடுகிறாளே!

அப்புறம்தான் அவளுடைய பதில்களைப் பார்த்தேன்.

"நீ ட்ரெயின்ல ஏறி இன்னாத்த சாதிச்ச?" என்று கேட்டவனுக்கு, "ஏறினேன்ல அண்ணா, அதுவே சாதனைதான்."

"உன் மூஞ்சிக்கு இந்தக் கிண்டல் தேவையா?" என்றவனுக்கு, "மூஞ்சியை அப்புறம் பேசலாம் அண்ணா. மொதல்ல அந்தச் சட்டைக்கு எந்தக் கடையில இஸ்திரின்னு சொல்லுங்க."

"எங்க அண்ணன் படம்னா உனக்கு காமெடியா இருக்கா?" என்றவனுக்கு, "காமெடி இல்லண்ணா, கவலை. வெள்ளைச் சட்டையை யாரு துவைக்கிறது?" அந்த ஆளே சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுப் போயிருந்தான்.

நேரில் வருவதாகச் சொன்னவனுக்கு, "வாங்க அண்ணா, ஆனா லோக்கல் ட்ரெயின்ல வாங்க."

அறுபது பேருக்காவது சொல்லியிருப்பாள். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு இடத்திலும் பணிந்துபோகவில்லை. அடி ராட்சசி! என் கமெண்ட்டெல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்?

ஆனாலும் மனசு கேட்கவில்லை. என் கணக்கிலிருந்து எழுதினேன்: "இதை எழுதியது இவளுடைய அம்மா. நாற்பத்தொன்பது வயசு. திட்டணும்னா என்னைத் திட்டுங்க." எழுதிவிட்டு அவளுக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா போட்டே?" என்று கத்தினாள். "அழிச்சா, பயந்துட்டேன்னு இன்னும் துரத்துவாங்க; நான் எழுதலைன்னா, யாருன்னு தேடுவாங்க. ரெண்டு நாளா கிளாஸ்கூட கவனிக்காம எதுக்குப் பதில் போட்டுக்கிட்டிருக்கேன்? அவங்க உன் பக்கம் வரக்கூடாதுன்னுதானே!"

"உனக்கு எப்படி நான்தான்னு தெரிஞ்சுது?"

"மூணு வருஷமா உன் கமெண்ட்டைப் படிக்கிறேன்மா. எனக்குத் தெரியாதா?"

"சரி விடு. நான் டீச்சர். எத்தனை பேரைச் சமாளிச்சிருக்கேன்!"

"சமாளிச்ச, சமாளிச்ச. தீபாவளி லீவுல எவனோ உன்னைக் கிழவின்னு எழுதினான். அன்னிக்கு நீ சாப்பிடவே இல்ல. தலைவலின்னு சொல்லிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டே. பக்கத்துலதானேம்மா நான் படுத்திருந்தேன்?"

ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தேன்.

"இன்னிக்கு மட்டும் அந்தப் பக்கம் போகாதே, சரியா?" என்றாள். "வர்றவங்களை நான் பாத்துக்கறேன்."

அவள் போனை வைத்த பிறகு நான் அழுதேன்.