போட்டுக்கு ஏது பாஸ்போர்ட்

திருவொற்றியூரில் எங்கள் குப்பத்தின் வடக்குக் கோடியில், அலைக்குத் தடுப்பாகக் கொட்டிய கருங்கற்களுக்கு இந்தப் பக்கம், ஒரு வெள்ளை ஃபைபர் போட் கிடக்கிறது. போலீஸ் அதன்மேல் எழுதிய வழக்கு எண் மழையில் பாதி அழிந்துவிட்டது. நான் அந்தப் பக்கம் போவதில்லை. மீன் வாங்கப் போனாலும் மெயின் ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். கேட்டால் முட்டிவலி என்பேன். முட்டிவலிக்காரி எவளாவது சுற்று வழியில் போவாளா?

அந்தப் போட்டின் சொந்தக்காரர் திருகோணமலைக்காரர். டீசல் தீர்ந்து இன்ஜின் நின்றுபோய், காற்றும் நீரோட்டமும் இழுத்த இழுப்பில் எண்ணூருக்கு நேரே வந்து கிடந்தவரை என் தம்பிதான் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தான். எங்கள் கடலில் ஒரு வழக்கம் உண்டு. தத்தளிக்கிறவனுக்கு முதலில் குடிக்கத் தண்ணீர், அப்புறம்தான் எந்த ஊர் என்ற கேள்வி. தம்பி அப்படியே செய்தான். அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவனுக்கு அந்த நாட்டின்மேல் தீராத கோபம். முந்தைய வருஷம்தான் அவனுடைய பெரிய போட்டை அவர்களுடைய கடற்படை பிடித்து வைத்திருந்தது. ஆட்களை விட்டார்கள், போட்டை விடவில்லை. எல்லையைத் தெரியாமல் தாண்டினானா, தெரிந்தே தாண்டினானா என்று நான் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

போலீஸ் வரும்வரை அந்த மனிதர் என் வீட்டில்தான் இருந்தார். சங்கரா மீன் குழம்பு ஊற்றினேன். ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டு, “அக்கா, நீங்க தேங்காப்பால் விடுறேல்லையா?” என்றார்.

“பட்டினி கெடந்து வந்தவன் பேசற பேச்சா இது? துன்னுப்பா மொதல்ல,” என்றேன். சிரித்துக்கொண்டே மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

தம்பி மெதுவாக ஆரம்பித்தான். “எங்க போட்டு ஒங்கூரு ஹார்பர்லதான் கட்டிக் கெடக்குது. நீலக் கலரு. எங்கம்மா பேரு எழுதிருக்கும்.”

“ஊருக்குப் போனதும் போய்ப் பாக்கிறன் அண்ணா,” என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, “என்ட போட்டை நீங்க பாத்துக்கொள்ளுங்கோ. அதை விட்டா எனக்கு வேற தொழில் இல்ல,” என்றார்.

“நம்ம வூட்டு போட்டுன்னு நெனச்சுக்கோ,” என்றேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

எல்லை தாண்டிய வழக்கில் அவர் சில மாதங்கள் சிறையில் இருந்தார். பிறகு விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். போட்டின் வழக்கு மட்டும் முடியவில்லை. அது மணலில் கிடந்தது. முதலில் கயிறு போனது. அப்புறம் வலை, ஐஸ் பெட்டி. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதைதான். எடுத்தவர்கள் எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள், தெருவில் என்னைப் பார்த்தால் நலம் விசாரிக்கிறவர்கள்.

இன்ஜினை எடுத்தது என் தம்பி. பெரிய போட் போனபின் அவனிடம் இருந்தது ஒரு பழைய சின்னப் போட்தான். அதன் இன்ஜின் பாதிக் கடலில் இருமிக்கொண்டு நிற்கும். பட்டப்பகலில் ஸ்பேனரோடு போனான். இன்ஜினைக் கழற்றி, அதோடு தண்ணீரைத் தள்ளும் விசிறியை மாட்டும் நீளமான இரும்புத் தண்டையும் போட்டின் அடியிலிருந்து உருவிக்கொண்டு வந்தான்.

“டேய், அது அந்தாளுதுடா,” என்றேன்.

“அவனுங்க நம்ம போட்ட புட்ச்சி வெச்சிகினு கீறானுங்க. இத்த நான் எட்த்தா மட்டும் தப்பா? துரு துன்றத நாம துன்னா இன்னாக்கா?”

அந்த இன்ஜின் ஓடிக் கொண்டுவந்த மீன் என் வீட்டுச் சட்டியிலும் கொதித்தது. ருசியாகத்தான் இருந்தது, பாவி எனக்கு.

இதெல்லாம் நடந்த பிறகுதான் எழும்பூர் பக்கம் ஓர் ஏசி ஹாலில் ஒரு கூட்டம். இரண்டு நாட்டு மீனவர்கள், அதிகாரிகள், காதில் கருவி மாட்டிக்கொண்டு மொழிபெயர்ப்பு கேட்கும் ஆட்கள். ஒரு பேராசிரியர், ஐரோப்பாவைப் போல நம் பக்கத்து நாடுகளும் ஒருநாள் ஒரே கூட்டாகும், ஒரே பணம், ஒரே அனுமதிச் சீட்டு, கடலில் கோடே இருக்காது என்றார். அப்படியானால் ஏன் இன்னும் ஆகவில்லை என்று ஒருவர் கேட்டதற்கு, அரசுகளுக்கு மனமில்லை, மக்கள் ஏற்கெனவே ஒன்றுதான் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பிறகு, போட் பறிபோன குடும்பம் என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். “மனுஷனுக்கு பாஸ்போர்ட் கேளுங்க. போட்டுக்கு ஏதுங்க பாஸ்போர்ட்? எங்க போட்ட எங்களுக்குக் குடுங்க,” என்றேன். கைதட்டல் நிற்கவேயில்லை. அந்தத் தட்டலில் எனக்குக் காது கூசியது. அரசுகளுக்கு மனமில்லை என்பது உண்மைதான். ஆனால் மணலில் ஒரே ஒரு போட் கிடந்தது, எந்த அரசும் எங்களைத் தடுக்கவில்லை, அதையே எங்களால் பத்திரமாக வைத்திருக்க முடியவில்லை. கூட்டாம் கூட்டு.

திருகோணமலைக்காரர் அவ்வப்போது போனில் கூப்பிடுவார். “என்ட போட் எப்பிடி அக்கா?” “நல்லா கீதுப்பா.” ஒவ்வொரு முறையும் அதே பொய்.

போன வாரம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். எங்கள் நீலப் போட். அதற்குள் அவர் முழங்கால் தண்ணீரில் நின்று, பெயின்ட் வாளியால் இறைத்து வெளியே ஊற்றிக்கொண்டிருக்கிறார். கூடவே அவர் குரல்: “மழை பெய்தா நான்தான் வந்து இறைச்சு விடுறன் அக்கா. இல்லாட்டி கட்டின இடத்திலயே தண்ணிக்குள்ள தாண்டு போயிடும். காவலுக்கு நிக்கிறவர் சிங்களவர், நல்ல மனுசன், ஒண்டும் சொல்றேல்ல. நான் இப்ப ஆரின்ட போட்டிலயோ கூலிக்குப் போறன். வழக்கு முடிஞ்சதும் வந்து என்ட போட்டை எடுப்பன். அங்கயும் மழையாம். அதிலயும் கொஞ்சம் தண்ணிய இறைச்சு விடுங்கோ.”

தம்பியிடம் காட்டினேன். அம்மாவின் பெயர் தெரியும் இடம்வரை பார்த்தான். போனைத் திருப்பிக் கொடுத்தான்.

“இதுக்கு அவன் நாலு அறை வுட்ருக்கலாம்க்கா,” என்றான். வாசலில் இறங்கும்போது, “இன்ஜின கயட்டி அதுலயே மாட்டிட்றேன்,” என்றான். மாட்டுவானா தெரியாது. அடுத்த நாளும் அவன் அந்த இன்ஜினில்தான் கடலுக்குப் போனான்.

நான் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு வடக்குக் கோடிக்கு நடந்தேன். சொன்ன சொல்லில் ஒன்றையாவது மெய்யாக்கலாம் என்று நினைப்பு. விடிய விடியப் பெய்த மழையில் தெருப்பள்ளம் எல்லாம் நிறைந்து கிடந்தது. போட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீரே இல்லை. தம்பி தண்டை உருவிய இடத்தில் ஓட்டை. அதன் வழியாகக் கீழே மணல் தெரிந்தது.

வாளியோடு நின்றுகொண்டிருந்தபோதே போன் அடித்தது.

“தண்ணி நிறைய நிக்குதா அக்கா?”

“இல்லப்பா. ஒரு சொட்டு இல்ல,” என்றேன்.

“அப்ப நல்லாத்தான் பாத்துக்கொள்ளுறீங்கள்,” என்றார் அவர்.